26 நாள் ஆச்சு, மணிக்கட்டில் தடிப்பு: எச்.ஐ.வி.யா?

வயது 27. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் இருக்கிறேன். கண்ணாடிமேல் அச்சை வைத்து வண்ணக் கலவை ஊற்றுகிற வேலை. போன மாதம் கோயம்புத்தூருக்கு லோடு இறக்கப் போனபோது ஒரு பெண்ணோடு ஒருமுறை உறவு. ஆணுறை போடவில்லை. குடித்திருந்தேன், அதைச் சாக்காகச் சொல்லவில்லை.

இன்றோடு 26 நாள். போன வாரம் இரண்டு நாள் காய்ச்சல், தொண்டை வலி. இப்போது இரண்டு மணிக்கட்டிலும் சிவப்பாகத் தடிப்பு, ராத்திரியானால் அரிப்பு. போனில் தேடினால் எல்லாம் ஒத்துப்போகிறது. அப்பத்தா மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டது. கமறவே இல்லையாம், பெரிய கண்ணுதான் என்கிறது. தையில் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். காரைக்குடி லேபில் ரத்தம் எடுக்கிறவன் என்னோடு படித்தவன். நான் எங்கே போவது?

தேவகோட்டைக்காரன்:
தம்பி, முதலில் போனைக் கீழே வை. 4 வருஷம் முன்னால் எனக்கும் இதே கதை. எடை குறைகிறதோ என்று அரிசிக்கடைத் தராசில் தினமும் ஏறி நின்றேன். "அண்ணே, மூட்டை வைக்கணும், கொஞ்சம் இறங்குங்க" என்றார் கடைக்காரர். கடைசியில் நெகட்டிவ். டெஸ்டுக்குப் போகாமல் கழித்த அந்த இரண்டு மாதம்தான் நிஜமான வியாதி.

முன்னாள் ஆலோசகர்:
எச்.ஐ.வி. ஆலோசனையும் டெஸ்டும் தருகிற நம்பிக்கை மையத்தில் வேலை பார்த்தவள், அக்கா என்றே வைத்துக்கொள். தொற்று வந்தால் 2 முதல் 4 வாரத்தில் காய்ச்சல், தொண்டை வலி, தடிப்பு வரலாம், உண்மைதான். சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும் அதேதான் வரும். பலருக்கு ஒன்றுமே வராது. அதனால் உடம்பைப் பார்த்துச் சொல்ல முடியாது, ரத்தம்தான் சொல்லும். அந்தப் பெண்ணுக்குத் தொற்று இருந்தால்கூட, ஒருமுறை உறவில் ஆணுக்கு வருவது 10,000க்கு 4 என்ற அளவில்தான் கணக்கிட்டிருக்கிறார்கள். அதற்காக டெஸ்டை விட்டுவிடாதே.

எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கிற மாத்திரையை, உறவு நடந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிட வேண்டும். உனக்கு அது தாண்டிவிட்டது. இப்போது ஒரு டெஸ்ட் எடு. நான்காம் தலைமுறை லேப் டெஸ்ட் (கிருமியின் புரதத்தையும் எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்ப்பது) என்றால், உறவு நடந்து 45 நாளில் நம்பலாம். அரசு மையத்தில் எடுக்கிற ரேபிட் டெஸ்டுக்கு 90 நாள் கணக்கு. அதுவரை ஆணுறை இல்லாமல் உறவு வேண்டாம், ரத்த தானமும் வேண்டாம். சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்.

அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசம். உள்ளூர்தான் என்று இல்லை, புதுக்கோட்டைக்கோ மதுரைக்கோ பஸ் ஏறு. முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017 சட்டமே இருக்கிறது. பேச வேண்டுமென்றால் 1097, எச்.ஐ.வி. உதவி எண், காசு கிடையாது.

அப்புறம் ஒன்று. சிமெண்ட் கலவையில் வெறுங்கையோடுதானே வேலை பார்க்கிறாய்?

கேட்டவன்:
அக்கா, ஆமாம். கையுறை போட்டால் அச்சு வழுக்கும் என்று போடுவதில்லை.

செவ்வாய்க்கிழமை புதுக்கோட்டை போனேன், 30ஆவது நாள். வராண்டாவில் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனதும் அந்த மேடம் "சாப்பிட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போதைக்கு நெகட்டிவ். சீட்டில் அடுத்த தேதி எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ரப்பர் கையுறை வாங்கி மூன்று நாள் ஆகிறது. இடது மணிக்கட்டில் அரிப்பு நின்றுவிட்டது, வலதில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மேஸ்திரி சிரிக்கிறார். 90க்கு இன்னும் 57 நாள்.