விரால் மட்டும் ஏன் சாகவில்லை?

பிறை வாசகி:
மருமகளுக்குப் பிரசவமாகிப் பத்து நாள். அறுவைக் காயம் ஆற ஹருவான் (விரால் மீன்) சூப் கொடுக்கச் சொன்னார் சம்பந்தியம்மா. நேற்று பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாம் சந்தையில் உயிருள்ள விரால் ஒன்றும், குழம்புக்குத் திலாப்பியா இரண்டும் வாங்கினேன். தண்ணீரில்லாத பையில்தான் போட்டுக் கொடுத்தார்கள். பஸ், பெர்ரி, மறுபடியும் பஸ். பெர்ரி ஏறும் முன்பே திலாப்பியா அடங்கிவிட்டது. விராலோ வீட்டில் பையைப் பிரித்ததும் வாலால் அடித்து என் சேலையை நனைத்துவிட்டது. காற்றில்தான் ஆக்சிஜன் அதிகம் என்றால் திலாப்பியா ஏன் மூச்சு முட்டிச் சாக வேண்டும் என்று படிவம் 4 படிக்கும் கடைக்குட்டி கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
அம்மா, மகள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். நான் செவுள் பாடத்துக்கு மீன் தலையைத்தான் வகுப்புக்குக் கொண்டுபோவேன். திலாப்பியாவின் செவுள் மூடியைக் கத்தரித்துவிட்டுத் தலையைக் கிண்ணத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். சிவப்பு இழைகள் தனித்தனியாக விரிந்து நிற்கும். வெளியே தூக்கினால், நனைத்தெடுத்த தூரிகையின் மயிர்போல ஒட்டிக்கொள்ளும். அந்த இழைகளின் மெல்லிய மடிப்புகள்தான் மூச்சு வாங்கும் பரப்பு. அவை ஒட்டிக்கொண்டபின் சுற்றிலும் எவ்வளவு காற்று இருந்து என்ன பயன்?

ஒரு லிட்டர் காற்றில் 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் உண்டு. 30 டிகிரி வெப்பமுள்ள நன்னீரில் சுமார் 5 மில்லிலிட்டர்தான். அந்தக் கொஞ்சத்தையும் வழித்தெடுக்கவே செவுளில் தண்ணீர் ஒரு திசையிலும் இரத்தம் எதிர்த்திசையிலும் ஓடுகின்றன. எந்த இடத்திலும் இரத்தத்தைவிடப் பக்கத்துத் தண்ணீரில் ஆக்சிஜன் கூடுதலாகவே இருக்கும். ஒரே திசையில் ஓடினால் பாதி ஆக்சிஜன் தண்ணீரோடு போய்விடும். இத்தனை ஆண்டுகள் கற்பித்தும் இந்த அமைப்பின் மேல் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

விராலுக்குச் செவுளுக்கு மேலே, தலையின் இருபுறமும் காற்றறை உண்டு. வாயால் விழுங்கிய காற்று அங்கே தங்கும்; சுவரிலுள்ள தந்துகிகள் (மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள்) ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்த இரத்தம் இதயத்துக்குத் திரும்பும் வழியில், உடலிலிருந்து வரும் ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தோடு கலந்துவிடுகிறது. நம் இதயத்தில் வலமும் இடமும் தனித்தனி. மீனுக்கு மேலறை ஒன்று, கீழறை ஒன்று. கலந்த இரத்தமானாலும், உடல் ஈரம் காயாதவரை விரால் தாக்குப்பிடிக்கும்.

மீன்கடைத் தம்பி:
ஐயா, இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. கடை தொடங்கிய புதிதில் விரால் துள்ளி வெளியேறாமலிருக்க, தொட்டியில் வலையைத் தண்ணீருக்குள் அமுக்கிக் கட்டினேன். விடிந்து பார்த்தால் ஏழும் வலைக்கு அடியில் செத்துக் கிடந்தன. தண்ணீர் விளிம்புவரை இருந்தது!

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
மூழ்கித்தான் இறந்திருக்கும், தம்பி. வளர்ந்த விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, மேலே வந்து காற்றும் விழுங்க வேண்டும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி விடுங்கள்.

பிறை வாசகி:
ஐயா, இரண்டு தலைகளையும் பார்த்துவிட்டோம். விரால் தலையைப் பிளந்தபோது செவுளுக்கு மேலே என் சுண்டுவிரல் நுனி நுழையும் பள்ளம் இருந்தது. திலாப்பியாவில் தேடினோம், இல்லை. மகள் இரண்டையும் படமெடுத்து வைத்திருக்கிறாள். சூப் அடுப்பில் இருக்கிறது.