புதுப்பிப்பு: வெண்ணெய் இந்த முறை பிரியவில்லை

மகளுக்குப் பால் ஒவ்வாமை என்பதால் தேங்காயெண்ணெயில் வெண்ணெய் செய்து பார்த்தேன், அடியில் தண்ணீர் பிரிந்துவிட்டது என்று போன மாதம் எழுதியிருந்தேன். இப்போது சரியாக வந்துவிட்டது!

தப்பு இரண்டு. எண்ணெயைச் சூடாகவே ஊற்றியிருந்தேன். எண்ணெயையும் தண்ணீரையும் பிடித்துவைக்கும் லெசித்தினும் சேர்க்கவில்லை. கேக் சாமான் கடையில் சோயா லெசித்தின் கிடைத்தது.

வாசனை நீக்கிய தேங்காயெண்ணெய் 200 கிராம், கடலையெண்ணெய் 50 மில்லி, அரை டீஸ்பூன் லெசித்தின். எண்ணெய் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், நாலு சொட்டு எலுமிச்சை விட்ட முந்திரிப்பால் 60 மில்லியை நூல் மாதிரி ஊற்றிக்கொண்டே மிக்ஸியில் அடித்தேன். உப்பு, நிறத்துக்குத் துளி மஞ்சள். அப்புறம் கிண்ணத்தை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கிளறினேன். ஓரத்திலிருந்து வெளுத்து, கரண்டியில் வழியாமல் நின்றது. அந்த நிமிடம் அவ்வளவு சந்தோஷம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். தேங்காயெண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும். தர்மபுரி வெயிலுக்கு மேசையில் வைக்கவே முடியாது, ஃபிரிட்ஜ்தான்.

நேற்று சூடான ராகி அடைமேல் ஒரு துண்டு வைத்துக் கொடுத்தேன். உருகி ஓரத்தில் வழிந்ததை மகள் விரலால் வழித்துச் சாப்பிட்டாள்.