பாக்டீரியா கடைசிவரை பாக்டீரியாதானே?

ஐயப்பாடு:
மரபணுவில் பிறழ்வு நடக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதனால் பரிணாமம் நடந்து புது இனம் உருவாகும் என்பதைத்தான் நம்ப முடியவில்லை. பிறழ்வு என்பது எழுத்துப்பிழை மாதிரிதானே? பிழை சேரச் சேர வாசகம் கெடுமே ஒழிய புதுக் கவிதை பிறக்காது. ஆய்வகத்தில் பல்லாயிரம் தலைமுறை வளர்த்தும் பாக்டீரியா பாக்டீரியாவாகத்தான் இருக்கிறது. புது இனம் உருவானதை யாராவது பார்த்ததுண்டா?

தவளைக்குஞ்சு:
பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் பெற்றோரிடம் இல்லாத புதுப் பிறழ்வுகள் சுமார் 60, 70 இருக்கும். நீங்களும் நானும் அப்படித்தான். பெரும்பாலானவை நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது. அப்புறம், எழுத்து மாறுவது மட்டுமே பிறழ்வு இல்லை, சில நேரம் ஒரு மரபணு முழுசாக இரண்டு பிரதியாகிவிடும். நம் கண்ணில் சிவப்பையும் பச்சையையும் உணரும் புரதங்களுக்கான மரபணுக்கள் அப்படி வந்தவைதான், எக்ஸ் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. அந்த ஒற்றுமையால்தான் தாயின் கருமுட்டை உருவாகும்போது இரண்டும் தப்பாகக் கோத்துக்கொள்கின்றன, மகனுக்குச் சிவப்பு-பச்சை நிறக்குறை வருகிறது.

ஐயப்பாடு:
ஆக, பழைய சரக்கின் நகல். அடுத்து, சிட்ரேட் என்ற சேர்மத்தைப் பாக்டீரியா சாப்பிடத் தொடங்கிய லென்ஸ்கியின் சோதனைக் கதையை எடுப்பீர்கள், தெரியும். அந்த மரபணுவும் ஏற்கெனவே இருந்ததுதான்.

மரபணுமாறன்:
எடுக்கத்தான் போகிறேன், ஏனென்றால் அதை யாரும் முழுசாகச் சொல்வதில்லை. ரிச்சர்ட் லென்ஸ்கி 1988இல் 12 குடுவைகளில் ஈ.கோலை என்ற பாக்டீரியாவை வளர்க்கத் தொடங்கினார். அந்தக் கரைசலில் சிட்ரேட் எப்போதும் இருந்தது, ஆனால் ஆக்சிஜன் இருக்கும்போது ஈ.கோலையால் அதைச் சாப்பிட முடியாது. அந்த இயலாமையை வைத்தே இந்த இனத்தை அடையாளம் காண்பார்கள். சுமார் 33,000ஆவது தலைமுறையில் ஒரே ஒரு குடுவை மட்டும், பாக்டீரியா பெருகி, திடீரென்று கலங்கியது. சிட்ரேட்டை உள்ளே இழுக்கும் மரபணு நகலாகி, ஆக்சிஜன் இருக்கும்போதும் இயங்குகிற வேறொரு விசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. உறைய வைத்திருந்த மூதாதைகளை எழுப்பி மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். பிந்தைய தலைமுறைகளிலிருந்து அந்தத் திறன் திரும்ப வந்தது, தொடக்கத் தலைமுறைகளிலிருந்து வரவில்லை. அதாவது இடையில் நடந்த வேறு பிறழ்வுகள் அதற்கு வழி போட்டிருக்கின்றன. ‘ஏற்கெனவே இருந்தது’ என்பது எங்களுக்கு எதிரான வாதமே இல்லை ஐயா, எங்கள் வாதமே அதுதான். சூனியத்திலிருந்து மரபணு குதிக்கும் என்று யார் சொன்னது?

ஐயப்பாடு:
நீளமாக எழுதிவிட்டீர்கள், சரி. ஆனால் நான் கேட்டது புது இனம்.

தவளைக்குஞ்சு:
டிராகோபோகன் என்ற பூச்செடி. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன மூன்று இனங்கள் வாஷிங்டன், ஐடஹோ பக்கம் தங்களுக்குள் கலந்தன, கலப்பில் குரோமோசோம்கள் இரட்டித்தன. பெற்றோருக்கு 12, பிள்ளைக்கு 24. 1950இல் இரண்டு புது இனங்களாகப் பெயரிட்டார்கள். பெற்றோருடன் திரும்பக் கலந்தால் வளமான சந்ததி கிடைப்பது அரிது.

ஐயப்பாடு:
செடி இன்னொரு செடியானது, அவ்வளவுதானே? நான் சொல்வது ‘வகை’ மாறுவதை.

மரபணுமாறன்:
முதலில் ‘இனம்’ என்றீர்கள், காட்டியதும் ‘வகை’ என்கிறீர்கள். வகையின் எல்லை எது? ஓநாயும் நாயும் ஒரே வகையா? நரி? எங்கே கோடு போடுவீர்கள் என்று சொன்னால் அங்கிருந்து பேசலாம்.

ஐயப்பாடு:
கோடு எனக்கும் தெரியாது, போகட்டும். ஆனால் பல லட்சம் ஆண்டுகள் பிடிக்கும் ஒன்றை யாரும் நேரில் பார்க்க முடியாது என்றால் அது நம்பிக்கைதானே?

வழிப்போக்கன்:
இதுவரை சும்மா படித்துக்கொண்டிருந்தேன், இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். சிம்பன்சிக்கு 48 குரோமோசோம், நமக்கு 46. பொது மூதாதை உண்மை என்றால் நம் வழியில் இரண்டு ஒட்டியிருக்க வேண்டும். நம் 2ஆம் குரோமோசோமைப் பாருங்கள். குரோமோசோமின் முனைக்கு மூடி மாதிரி இருக்கும் டெலோமியர் என்ற டி.என்.ஏ. வரிசை நடுவிலும் கிடக்கிறது, அதுவும் இரண்டு முனைகள் எதிரெதிராக முட்டிக்கொண்ட மாதிரி. செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்க உதவும் பகுதிக்குச் சென்ட்ரோமியர் என்று பெயர், குரோமோசோமுக்கு ஒன்றுதான் இருக்கும்; இங்கே வேலை செய்யாத இரண்டாவது சென்ட்ரோமியரின் மிச்சமும் இருக்கிறது. ஒட்டியதை நேரில் பார்த்தவர் யாருமில்லைதான். ஒட்டவில்லை என்றால் இவை அங்கே எப்படி வந்தன என்பதற்கு உங்கள் விளக்கம் என்ன?