ஊருக்குள்ள ஒழுங்கா ஓடுற அம்பாசிடர் திருமயம் ரோட்டுல மட்டும் சூடாகுது: எங்கே ஆரம்பிக்கலாம்?

செக்காலை_அம்பி:
வணக்கம். 1996 மாடல் அம்பாசிடர், 1.8 இசுசூ பெட்ரோல், கார்புரேட்டர் வண்டி. ஏசி இல்லை. காரைக்குடிக்குள்ள, செக்காலை ரோடு நெரிசல்ல நின்னு நின்னு போனாலும் டெம்பரேச்சர் முள் பாதியிலேயே நிக்குது. திருச்சி பக்கம் கிளம்பி 70-80ல் போனா, கானாடுகாத்தான் விலக்குலேயே ஏற ஆரம்பிச்சு, திருமயம் கோட்டை கண்ணுல படறதுக்குள்ள சிவப்பைத் தொட்டுடுது. வேகத்தை 45க்குக் குறைச்சா பத்து நிமிஷத்துல இறங்குது. தரையில ஒழுகல் தெரியல, ஆனா வாரம் கால் லிட்டர் தண்ணி ஊத்த வேண்டியிருக்கு. தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணியை ரேடியேட்டருக்கு விடற வால்வ்), ரேடியேட்டர் மூடி ரெண்டும் போன மாசம் புதுசு. ஒரு மெக்கானிக் வாட்டர் பம்ப்ங்கறார், இன்னொருத்தர் சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற ஹெட் கேஸ்கெட்ங்கறார். தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசிட்டு ஓட்டுங்கன்னும் ஒரு யோசனை வந்திருக்கு. எதுல கை வைக்கலாம்?

தேவகோட்டை_டீசல்:
அண்ணே, பாதி விடை உங்க கேள்வியிலயே இருக்கு. நின்னா சூடேறி ஓடினா தணிஞ்சா அது காத்துப் பிரச்சினை: ஃபேன், பெல்ட், ரேடியேட்டரோட ஃபின் தகடுகள்ல அடைச்ச தூசி. உங்களுக்கு நேர் தலைகீழ். 80ல் போகும்போது ஃபேனே இல்லாட்டியும் எதிர்காத்து போதும். அப்போ தண்ணி வேணுங்கிற அளவு சுத்தி வரல, இல்லைன்னா எஞ்சின் தேவைக்கு மேல சூட்டை உண்டாக்குது. பார்ட் எதுவும் வாங்காம மூணு விஷயம் பாருங்க.

ஒண்ணு, கீழ் ஹோஸ். எஞ்சின் நல்லா சூடானதும் பானெட்டைத் திறந்து வச்சு, ஒருத்தரை 3000 ஆர்பிஎம் பிடிக்கச் சொல்லுங்க. கை, துண்டு, சட்டை நுனி எதுவும் ஃபேன் பக்கம் போகக்கூடாது. பம்ப் தண்ணியை இழுக்கறது கீழ் ஹோஸ் வழியாத்தான். ரேடியேட்டர் அடைச்சிருந்தா அந்த ஹோஸ் சப்பிப் போட்ட மாங்கா மாதிரி ஒட்டிக்கும். உள்ள ஒரு கம்பிச் சுருள் இருக்கும், அது துருப்பிடிச்சுப் போயிருந்தாலும் இதே கதைதான். ஐட்லிங்ல பார்த்தா ஒண்ணும் தெரியாது, வேகத்துலதான் மாட்டும்.

ரெண்டு, ரேடியேட்டர் கோர், அதாவது தண்ணி ஓடற ட்யூபும் ஃபினும் இருக்கற நடுப்பகுதி. ஹைவேயில ஓட்டி வந்த கையோட வண்டியை நிறுத்தி, கிரில் வழியா டெம்பரேச்சர் கன்ல இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் அளங்க. மேல இருந்து கீழ படிப்படியா குறையணும். நடுவுல ஒரு பட்டை மட்டும் தனியா குளிர்ந்திருந்தா அந்த ட்யூப்ல தண்ணி ஓடலைன்னு அர்த்தம்.

மூணாவது, பலரும் விட்டுடற இடம்: டிஸ்ட்ரிபியூட்டரோட வேக்கம் அட்வான்ஸ், அதாவது எஞ்சின் உறிஞ்சற வேக்கத்தை வச்சு ஸ்பார்க்கை முன்கூட்டி விடற அமைப்பு. உள்ள இருக்கற ரப்பர் டயஃப்ரம் கிழிஞ்சிருந்தா சீரான வேகத்துல ஸ்பார்க் டைமிங் பின்தங்கி, சூடு எக்ஸாஸ்ட் பக்கமும் தண்ணியிலயும் சேரும். ரப்பர் பைப்பைக் கழட்டி வாயால உறிஞ்சி நாக்கால நுனியை அடைச்சுப் பாருங்க. நாக்கை இழுத்துப் பிடிச்சுட்டு நின்னா நல்லா இருக்கு. உடனே விட்டுட்டா டயஃப்ரம் அவுட்.

தெர்மோஸ்டாட்டைக் கழட்டாதீங்க. எஞ்சின் சூடேற நேரமாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், உள்ளே தேய்மானம் கூடும். அதுல நோய் தீராது, மறையும்.

புதுவயல்_வயரிங்:
அதுக்கு முன்னாடி, முள் சொல்றது உண்மையான்னு பாருங்க. தெர்மோஸ்டாட் ஹவுசிங் பளபளப்பான அலுமினியம், கன் அங்க குறைச்சுக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அது மேல அளங்க. டேஷ்போர்டுல வோல்டேஜ் ஸ்டெபிலைசர் (மீட்டர்களுக்குச் சீரான மின்சாரம் தர்றது) இருக்கற வண்டின்னா இன்னொரு சோதனை: டெம்பரேச்சர் முள் ஏறும்போது பெட்ரோல் முள்ளும் கூடவே ஏறுதா? ஏறினா கோளாறு ஸ்டெபிலைசர்லயோ அதோட எர்த்லயோ. எஞ்சினைத் தொடவே வேண்டாம்.

செக்காலை_அம்பி:
எல்லாம் பார்த்தாச்சு. பெட்ரோல் முள் அசையல. டேப் மேல அளவு: ஊருக்குள்ள 84, திருமயம் போய் நின்னதும் 104, அப்போ முள் சிவப்பு ஓரத்துல. அதனால முள் பொய் சொல்லல. வேக்கம் பைப் நாக்கை நல்லாப் பிடிக்குது. கோர்ல டிரைவர் பக்கம் நாலு விரல் அகலத்துக்கு மேலிருந்து கீழ் வரை 48-52, மத்த இடமெல்லாம் 80க்கு மேல. 3000ல் கீழ் ஹோஸ் நடுவுல நல்லா ஒட்டிக்குது. புது மூடியைத் திருப்பிப் பார்த்தா 7ன்னு இருக்கு, பழைய மூடியில 0.9ன்னு போட்டிருக்கு. இது ஒண்ணா வேறயா?

கோட்டையூர்_ரேடியேட்டர்:
வேற வேற. ரெண்டும் மூடி திறக்கற அழுத்தம். 7 என்பது பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு). 0.9 என்பது சதுர சென்டிமீட்டருக்கு கிலோ கணக்கு, அதாவது கிட்டத்தட்ட 13 பிஎஸ்ஐ. வெறும் தண்ணி 13 பிஎஸ்ஐ அழுத்தத்துல சுமார் 119 டிகிரியில கொதிக்கும், 7ல சுமார் 111லேயே கொதிக்கும். 104ங்கறது ஹவுசிங்கோட வெளிச்சூடு, ஹெட்டுக்குள்ள எக்ஸாஸ்ட் வால்வ் பக்கம் இன்னும் அதிகம் இருக்கும். அங்க ஆவி கிளம்பி, 7ல திறக்கற மூடி வழியா ஓவர்ஃப்ளோ பைப்ல போயிடுது. உங்க கால் லிட்டர் அந்த வழியாப் போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஓடுற வண்டியில போறதால தரையில ஈரம் தெரியல. பழைய அளவு மூடியே வாங்குங்க.

தண்ணி குறையறதுக்குக் காரணம் மூடி, சூட்டுக்குக் காரணம் கோர். ஒரு பக்கத்து ட்யூப்கள் அடைஞ்சு போச்சு. செம்பு-பித்தளை ரேடியேட்டர்னா மேல் டேங்கை ஈயம் உருக்கிக் கழட்டி, ட்யூப் ட்யூபா ராடு விட்டு எடுக்கணும். வெளியே இருந்து தண்ணி பீச்சினா திறந்திருக்கற ட்யூப் வழியாத்தான் போகும், அடைச்சது அடைச்சபடியே இருக்கும். ஃபின்கள் விரல் பட்டா உதிர்ற நிலைன்னா ராடு போடற கூலி வீண், புது கோர் போட்டுடுங்க. முன்னாடி யாராவது ஒழுகலுக்கு மஞ்சத்தூள் போட்டிருந்தாங்களான்னு கேளுங்க. அந்தக் கைவைத்தியம் ஒழுகலையும் அடைக்கும், ட்யூபையும் அடைக்கும்.

ரேடியேட்டரை மட்டும் சுத்தம் பண்ணினா மூணு மாசத்துல திரும்பி வருவீங்க. சேறு பிளாக்கோட அடியில, பின் சிலிண்டர் பக்கம் தங்கும். பிளாக் டிரெய்ன் பிளக்கைக் கழட்டுங்க. தண்ணி வராட்டி கம்பி விட்டுக் குத்துங்க, முதல்ல காப்பிப்பொடி வண்டல் மாதிரி வரும். அப்புறம் லிட்டருக்கு 20-25 கிராம் எலுமிச்சை உப்பு கரைச்சு ஊத்தி, சூடான எஞ்சினை அரை மணி நேரம் மட்டும் ஓடவிட்டு இறக்குங்க. ஹெட் அலுமினியம், அதுக்கு மேல வேண்டாம். கழிவறை ஆசிட் பக்கமே போகாதீங்க. மூணு தடவை நல்ல தண்ணி விட்டு அலசணும். தெர்மோஸ்டாட்டை இந்த வேலை முடியற வரை மட்டும் வெளியே வைக்கலாம்.

சுருள் உள்ள புது கீழ் ஹோஸ் போடுங்க. பம்பை இப்ப மாத்த வேண்டாம். பெல்ட்டைக் கழட்டி புல்லியை ஆட்டிப் பாருங்க, ஆட்டமோ பம்போட அடித் துளையில கசிவோ இருந்தா மட்டும் மாத்தலாம். ஹெட் கேஸ்கெட் பயம் தீரணும்னா பெல்ட் கழட்டின அதே நேரத்துல, காலையில எஞ்சின் ஆறியிருக்கும்போது, ரேடியேட்டரை வாய் வரை நிரப்பி மூடி இல்லாம ஒரே நிமிஷம் ஸ்டார்ட் பண்ணுங்க. பம்ப் சுத்தாததால தண்ணி கலங்காது. விடாம குமிழ் வந்தா கேஸ்கெட், வரலைன்னா அநேகமா தப்பிச்சீங்க.

தேவகோட்டை_டீசல்:
தண்ணி பத்தி ஒண்ணு. சம்பை ஊற்றுத் தண்ணி குடிக்க எவ்வளவு ருசின்னு நமக்குத் தெரியும். ருசியா இருக்கறதும் தாது உப்பு இல்லாததும் வேற. போர் தண்ணி வேண்டவே வேண்டாம். பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்ட் வாட்டர் வாங்குங்க, அதுல கூலன்ட் மூணுல ஒரு பங்கு. நம்ம ஊர்ல தண்ணி உறையப் போறதில்லை, பாதிக்குப் பாதி தேவையில்லை. ஆனா துருத் தடுப்புக்கு அந்த மூணுல ஒண்ணு அவசியம். கலந்து விக்கற ரெடிமிக்ஸ்னா அதுல தண்ணி சேர்க்காதீங்க.

செக்காலை_அம்பி:
அவசரத்துக்கு வளவு வீட்டு முற்றத்துல அண்டா வச்சுப் பிடிச்ச மழைத்தண்ணி ஊத்தலாமா?

கோட்டையூர்_ரேடியேட்டர்:
முதல் மழை ஓடு கழுவின பிறகு பிடிச்சதுன்னா, துணியில வடிகட்டி ஊத்தலாம், போருக்கு ஆயிரம் மடங்கு மேல். ஊத்தும்போது வண்டி மூஞ்சி மேட்டுல இருக்கணும், மேல் ஹோஸைக் கையால அமுக்கி அமுக்கி விட்டா காத்து வெளியேறும். மூடி போட்டு ஒரு தடவை ஓட்டிட்டு, மறுநாள் காலையில ஆறின பிறகு திறந்து பாருங்க. அளவு கொஞ்சம் இறங்கியிருக்கும், அதை நிரப்பிட்டுத்தான் திருமயம் ரோட்டுல ஏத்தணும்.