வெள்ளத்திலும் நின்றது, வறட்சியிலும் நின்றது: உங்கள் தோட்டத்தில் எது?

மடிப்பாக்கம், சென்னை

எங்கள் வீட்டைச் சுற்றி அரை கிரவுண்டு மண் தரை இருக்கிறது, மேலே ஒரு மாடித் தோட்டம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழே இடுப்பளவு தண்ணீர் ஏறி, வடிய நான்கு நாள் ஆனது. அடுத்த ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றோம். நான்கே ஆண்டுக்குள் இந்த மூன்றையும் ஒரே தோட்டம் பார்த்துவிட்டது.

அதற்கு முன்பெல்லாம் நர்சரிக்குப் போனால் 'எத்தனை மாதத்தில் காய்க்கும்' என்றுதான் கேட்பேன். இப்போது வேறு இரண்டு கேள்விகள். மூன்று நாள் தண்ணீர் தேங்கினால் தாங்குமா? இரண்டு வாரம் தண்ணீரே ஊற்றாவிட்டால் தாங்குமா? இரண்டையும் ஒரே செடியைப் பார்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. வறட்சியைத் தாங்கும் செடி என்று தேடினால் பெரிய பட்டியலே கிடைக்கும். வெள்ளத்துக்கும் அப்படித்தான். இரண்டிலும் இருக்கும் பெயர்கள் கொஞ்சம்தான், எனக்கு வேண்டியது அவைதான்.

வெள்ளத்தில் முதலில் போனது பப்பாளி. தண்ணீர் முழுதாக வடிவதற்குள்ளேயே இலை மஞ்சளாகித் தொங்கிவிட்டது. வேருக்குக் காற்று இல்லாமல் அது இரண்டு நாள்கூடத் தாக்குப்பிடிக்காது. முருங்கை அடித்தண்டு அழுகிச் சாய்ந்தது. எலுமிச்சைதான் என்னை ஏமாற்றியது. தண்ணீர் வடிந்து, புதுத் துளிர்கூட விட்டது. பிழைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். தை மாதம் அடிமரப் பட்டையில் பிசின் வழிந்தது, பங்குனிக்குள் காய்ந்துபோனது. வெள்ளத்துக்குப் பிறகு வேரழுகல் நோய் மெதுவாகத்தான் கொல்லும் என்று பிறகுதான் தெரிந்தது. ஆகவே வெள்ளம் வடிந்த மறுவாரமே 'இது தாங்கும்' என்று யாருக்கும் சொல்லாதீர்கள், ஆறு மாதம் பாருங்கள்.

நின்றவை: பூவரசு, நொச்சி, வேலியோரப் புங்கை, வெட்டிவேர், குளியலறைத் தண்ணீர் போகும் வாய்க்காலில் இருந்த கல்வாழை. இதில் கல்வாழை 2019-இல் இலையெல்லாம் காய்ந்து கிழங்காகக் கிடந்தது, மழை விழுந்ததும் எழுந்து வந்தது. மற்ற நான்கும் 2019-இல் ஒரு சொட்டு கூடுதல் தண்ணீர் கேட்கவில்லை. பூவரசு, நொச்சி இரண்டையும் போத்து (கிளைத்துண்டு) வெட்டி நட்டாலே போதும், காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. இவ்வளவு எளிதாகக் கிடைப்பதால்தானோ என்னவோ, நர்சரிகளில் இவற்றை யாரும் முன்வரிசையில் வைப்பதில்லை.

வர்தாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் மயில்கொன்றையும் தூங்குமூஞ்சியும் மடமடவென்று விழுந்தன. உடனே 'வெளிநாட்டு மரம் விழும், நாட்டு மரம் நிற்கும்' என்று பேச்சு கிளம்பியது. பாதி சரி. ஆனால் எங்கள் எதிர்வீட்டு வேம்பும் விழுந்தது. அடியைச் சுற்றி ஒரு சாண்கூட விடாமல் சிமென்ட் போட்டிருந்தார்கள், ஒரு பக்க வேரை மழைநீர்க் கால்வாய் தோண்டும்போது வெட்டியிருந்தார்கள். விழுந்தபின் வேர்ப்பந்தைப் பார்த்தேன், ஒரு பெரிய தொட்டிக்குள் வளர்ந்த செடி மாதிரி உருண்டையாக இருந்தது. எந்த மரமானாலும் வேர் ஓட மண் வேண்டும்.

2019-இல் நான் செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் தண்ணீரை மாடித் தொட்டிகளுக்கு ஊற்றினேன். இரண்டே மாதத்தில் கறிவேப்பிலையின் இலை ஓரமெல்லாம் தீய்ந்தது. அந்தத் தண்ணீரில் உப்பு செறிவாக இருக்கும், தொட்டி மண்ணில் அது போவதற்கு வழியில்லை. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு அந்தச் சிக்கல் இல்லை, அதை வாளியில் பிடித்துத் தாராளமாக ஊற்றலாம்.

உங்கள் ஊரில் எது நின்றது, எது போனது? சொல்லுங்கள்.

பேராவூரணி, தஞ்சாவூர் மாவட்டம்

அக்கா, 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் எங்கள் பகுதியைக் கடந்தது. அப்பா நட்ட 140 தென்னை. விடிந்து வெளியே வந்து பார்த்தபோது 11 நின்றது. அப்பா திண்ணையில் உட்கார்ந்தவர், மதியம் வரை பேசவில்லை. எங்கள் பக்கம் தென்னங்கன்று என்று சொல்ல மாட்டோம், தென்னம்பிள்ளை என்போம். ஏன் அப்படிச் சொல்கிறோம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

வரப்பில் ஆறு பனை இருந்தது. யாரும் நட்டதில்லை, தானாக வந்தவை. ஆறும் நின்றன. ஓலை மட்டும் கொஞ்சம் கிழிந்திருந்தது.

விழுந்த மரங்களை அப்புறப்படுத்தவே மாதக்கணக்கில் ஆனது. மறுபடி முழுக்கத் தென்னையே வைக்கலாம் என்றுதான் ஊரில் எல்லோரும் சொன்னார்கள், தெரிந்த பயிர் அதுதானே. நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டு ஆகும், அதுவரை என்ன செய்வது என்ற கேள்விதான் என்னை மாற்றியது. பாதி இடத்தில் மட்டும் தென்னை வைத்தேன். இடையில் வாழை, சேனை, மஞ்சள். கடல் பக்கத்து வேலியில் புன்னையும் புங்கையும் இரண்டு வரிசை. வரப்பு முழுக்கப் பனங்கொட்டை ஊன்றினேன். ஒரே வயதில் ஒரே மரமாக இருந்தால் ஒரே இரவில் எல்லாம் போகும், அந்த நிலையில் மறுபடி நிற்க எனக்குத் தெம்பில்லை. பனை எனக்குப் பலன் தராது, என் மகள் நுங்கு வெட்டுவாள். அப்பாவுக்கு முதலில் உடன்பாடு இல்லை. இப்போது காலையில் எழுந்ததும் அந்தப் பனங்கன்றுகளைத்தான் எண்ணிப் பார்த்துவிட்டு வருகிறார்.

மதுரை

நான் மாடித் தோட்டம் மட்டும் வைத்திருக்கிறேன், 60 பைகள். எங்களுக்கு வெள்ளம் கிடையாது, வெயில்தான். ஐந்து ஆண்டாகத் தக்காளி பூத்துப் பூத்துக் கொட்டியது. சத்துக் குறைவு என்று நினைத்துப் பஞ்சகவ்யம், மீன் அமிலம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தேன். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராமல் போனால் தக்காளிப் பூவின் மகரந்தம் பிடிக்காது. எத்தனை உரம் கொடுத்தாலும் காய் வராது. இப்போது தக்காளியைப் புரட்டாசியில்தான் விதைக்கிறேன், மார்கழி முதல் மாசி வரை பறிக்கிறேன். கோடையில் அதன் பக்கமே போவதில்லை.

கோடையில் என் மாடியில் இருப்பவை கொத்தவரை, காராமணி, வெண்டை, கொடிப்பசலை, சுண்டை, பிரண்டை. அக்னி நட்சத்திரத்தில் கொத்தவரை காய்த்ததைப் பார்த்து மாடிக்கு வந்த உறவினர்கள் ஆச்சரியப்பட்டார்கள். சித்திரை, வைகாசியில் நன்றாகக் காய்த்த செடியில்தான் விதைக்கு விடுகிறேன். நான்காவது தலைமுறை விதை இப்போது கையில் இருக்கிறது. கடையில் வாங்கும் பாக்கெட் விதையைவிட என் மாடிக்கு இதுதான் பொருந்துகிறது.

அப்புறம், பைகளைத் தனித்தனியாக வைக்காதீர்கள். நெருக்கி வைத்தால் ஒன்றுக்கொன்று நிழல் கொடுக்கும், பையின் பக்கவாட்டுச் சூடு குறையும். மண்மேல் மூன்று அங்குலம் காய்ந்த இலையோ கரும்புச் சக்கையோ மூடாக்கு. 50 சதவீத நிழல்வலை பங்குனியிலிருந்து ஆனி வரை போதும். ஆண்டு முழுக்கப் போட்டால் செடி ஒல்லியாக நெட்டுக்கு வளரும், காய்க்காது. தென்னைநார்க் கழிவுக் கட்டி வாங்கினால் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்து உப்பை எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கோயம்புத்தூர்

ஒரே ஒரு விஷயம். புது வீட்டு மதிலோரம் நட எங்களுக்கு ஒரு நர்சரியில் கோனோகார்ப்பஸ் என்ற வெளிநாட்டு மரக்கன்று கொடுத்தார்கள். வேகமாக வளரும், தண்ணீர் வேண்டாம், ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்கும் என்றார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் உடல்நலத்துக்கும் சூழலுக்கும் கேடு என்று குஜராத் அரசு 2023-இல் அதை நடுவதற்கே தடை போட்டது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் வெட்டி எடுத்தேன். இரண்டு அடி ஆழத்தில் கழிவுநீர்க் குழாயைச் சுற்றி வேர் பின்னிக் கிடந்தது. வறட்சியைத் தாங்கும் என்பது மட்டும் போதாது, தண்ணீரை எங்கிருந்து எடுத்துத் தாங்குகிறது என்றும் கேட்க வேண்டும். அந்த இடத்தில் இப்போது நொச்சியும் ஆடாதோடையும் இருக்கின்றன.

ஏரல், தூத்துக்குடி மாவட்டம்

அம்மா, எனக்கு வயது 71. தாமிரபரணியில் எத்தனையோ வெள்ளம் பார்த்தவன். 2023 டிசம்பர் 17, 18 மாதிரி பார்த்ததில்லை. பக்கத்தில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். எங்கள் மாவட்டத்தில் ஆண்டு முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம்.

வாழை படுத்துவிட்டது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுத் தோட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். தண்ணீர் வடிந்தபோது ஒரு சாண் உயரம் வண்டல் படிந்திருந்தது. வண்டல் என்றால் நல்லதுதானே, ஆற்று மண் தானாக வந்து சேர்ந்திருக்கிறது என்று அப்படியே விட்டேன். அது தவறு. காய்ந்ததும் ஓடு மாதிரி இறுகிவிட்டது. அடியில் வேர் மூச்சுவிட முடியாமல் 20 வருட மல்லிகைப் பந்தல் போயிற்று. வெள்ளத்தில் சாகவில்லை, வெள்ளம் போன ஒரு மாதம் கழித்துச் செத்தது. என் மனைவி தினமும் பூப்பறித்த பந்தல் அது.

பிறகு செடிகளின் அடியிலிருந்து வண்டலை வெட்டி எடுத்து ஓரமாகக் குவித்து, மாட்டெருவும் இலைமக்கும் கலந்து ஒன்றரை அடி உயர மேட்டுப்பாத்திகள் போட்டேன். மீதி இடத்தில் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்தேன். தண்ணீர் தேங்கினாலும் அது வரும், மண்ணில் கொஞ்சம் உப்பு இருந்தாலும் வரும். பூக்கிற சமயம் மடக்கி உழுதுவிட வேண்டும். விட்டால் தண்டு முற்றி மக்க நாளாகும். ஒரு முறை செய்ததிலேயே மண்வெட்டி இறங்குகிற விதம் மாறிவிட்டது. கத்தரியும் மிளகாயும் மேட்டில், சேம்பும் பொன்னாங்கண்ணியும் பள்ளத்தில். மல்லிகையை இந்த முறை மேட்டின் உச்சியில் வைத்திருக்கிறேன்.

பொள்ளாச்சி

மேலே கல்வாழையைப் பற்றிப் படித்ததும் எழுதத் தோன்றியது. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த சுருள் வெள்ளை ஈ, இந்தியாவில் முதன்முதலாக 2016-இல் எங்கள் பக்கத்துத் தென்னையில்தான் தெரிந்தது. ஓலையடியில் வெள்ளையாகச் சுருள் சுருளாக முட்டை, கீழ் ஓலையில் தேன் மாதிரிக் கசிவு, அதன்மேல் கரும்பூஞ்சணம். மழை குறைந்து வறண்ட ஆண்டுகளில் இது பெருகும், நல்ல மழை அடித்தால் குறையும். மழை முறை மாறினால் பூச்சியின் முறையும் மாறுகிறது என்பதை எங்கள் ஊரில் அனுபவித்தே தெரிந்துகொண்டோம்.

பயத்தில் முதல் ஆண்டு பூச்சிக்கொல்லி அடித்தேன். ஈ அடுத்த மாதமே திரும்ப வந்தது, இன்னும் அதிகமாக. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் என்கார்சியா என்ற மிகச் சிறிய குளவி இங்கேயே இருக்கிறது. மருந்து அடித்து அதைத்தான் நான் கொன்றிருக்கிறேன். வேளாண் பல்கலைக்கழகத்தார் சொல்லித்தான் நிறுத்தினேன். தோப்பில் அங்கங்கே வாழையும் கல்வாழையும் வைக்கச் சொன்னார்கள். வெள்ளை ஈ அவற்றிலும் வரும், அதைத் தேடிக் குளவியும் வந்து அங்கேயே பெருகும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டினேன். கரும்பூஞ்சணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா காய்ச்சித் தெளித்தேன், காய்ந்து செதிலாக உதிர்ந்தது. ஈ முழுக்கப் போகவில்லை, போகவும் போகாது. ஆனால் காய் பிடிக்கிறது. கல்வாழையின் அடியில் உட்கார்ந்து இலையைத் திருப்பிப் பாருங்கள். ஈக்குஞ்சு கறுத்து, முதுகில் ஊசி குத்தியது போல வட்ட ஓட்டை இருந்தால், குளவி வெளியே போன வழி அது. முதல்முறை பார்த்த அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

மடிப்பாக்கம், சென்னை

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை என் கல்வாழை இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். மூன்றாவது செடியில் ஓட்டை விழுந்த கறுப்புக் குஞ்சுகள் இருந்தன. பத்து ஆண்டாக அந்தச் செடியைக் கழிவுநீர் குடிக்கும் செடியாக மட்டுமே பார்த்திருக்கிறேன்.

ஏரல் ஐயா, உங்கள் மல்லிகையைப் படித்தபின் என் எலுமிச்சை நினைவு வந்தது. இந்த ஆண்டு புது எலுமிச்சைக் கன்றை மேட்டில்தான் வைக்கப் போகிறேன்.

புரட்டாசிக் கடைசியில் பூவரசும் நொச்சியும் கவாத்து செய்வேன். கைக்கட்டை விரல் கனத்தில், ஒன்றரை அடி நீளத்தில் போத்துகள் நிறையக் கிடைக்கும். சென்னையில் இருப்பவர்கள் ஈரச் சாக்கு கொண்டு வாருங்கள், வெட்டிய இரண்டு நாளுக்குள் நட்டுவிட வேண்டும். மதுரைத் தோழி, உங்கள் கொத்தவரை விதையில் ஒரு கைப்பிடி எனக்கு வேண்டும். பதிலுக்கு வெட்டிவேர்த் தூர் அனுப்புகிறேன்.