எம்3, கேமன் எஸ், சிவிக் டைப் ஆர்: விலை, பவர், நம்பகத்தன்மை மூணையும் வச்சுப் பார்த்தா எதை வாங்கலாம்?

வளைவுப்பிரியன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பல வருஷமா சேர்த்த பணம், வாங்கப்போறது ஒரே ஒரு கார். தினமும் வேலைக்கும் அதுதான், லீவு நாள்ல மலைப்பாதைக்கும் அதுதான். எப்பவாவது ரேஸ் டிராக்குக்கும் கொண்டுபோகணும். நானும் மனைவியும் மட்டும்தான், அதனால பின் சீட் கட்டாயமில்லை.

மூணு காரைச் சுத்தியே மனசு ஓடுது. செகண்ட் ஹேண்டில் பி.எம்.டபிள்யூ. எம்3, ஈ92-னு குறிக்கிற தலைமுறை, எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின், மேனுவல் கியர். செகண்ட் ஹேண்டில் போர்ஷே கேமன் எஸ், 2009-ல் இன்ஜின் மாத்தி வந்த மாடல். இல்லேன்னா புது ஹோண்டா சிவிக் டைப் ஆர், எஃப்.எல்.5-னு குறிக்கிற தலைமுறை. எனக்குக் கிடைக்கிற விலையில மூணும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் வருது. பவர்னு பார்த்தா எம்3 420 குதிரைசக்தி, கேமன் எஸ் 320, டைப் ஆர் 329. கொடுக்கிற காசுக்கு எம்3தான் அதிகம் தருதுன்னு தோணுது. ஆனா அமெரிக்கக் கேட்டலாக்ல அதே எம்3-க்கு 414-னு போட்டிருக்காங்க. அங்க போன காருக்கு டியூனைக் குறைச்சுட்டாங்களா?

நம்பகத்தன்மைன்னு தேடினா ஒவ்வொரு காருக்கும் பயமுறுத்துற கதை ஒண்ணு வந்து நிக்குது. எதை நம்புறது, எதை ஒதுக்குறதுன்னு பிடிபடல. இந்தக் கார்களோட பழகினவங்க சொல்லுங்க.

எடைக்கணக்கு எழுதியது:

414-ம் 420-ம் ஒரே இன்ஜினோட கணக்குதான். ஐரோப்பாவில் எழுதுற குதிரைசக்தியான பி.எஸ். 735.5 வாட், அமெரிக்கக் குதிரைசக்தியான எச்.பி. 745.7 வாட். 420 பி.எஸ்.ஸை மாத்திப் பாருங்க, 414 வரும். கார்களை ஒப்பிடும்போது எல்லாத்தையும் கிலோவாட்டுக்கு மாத்திடுங்க, இந்தக் குழப்பமே வராது.

அதைவிட முக்கியம் எடை. எம்3 ஏறக்குறைய 1,600 கிலோ, டைப் ஆர் 1,430, கேமன் எஸ் 1,350. ஒரு டன்னுக்கு எவ்வளவு பவர்னு வகுத்தா எம்3-க்கு 262, கேமனுக்கு 237, டைப் ஆருக்கு 230. நூறு குதிரைன்னு நீங்க பார்த்த வித்தியாசம் இருபத்தஞ்சா சுருங்கிடுச்சு. கம்பெனி சொல்ற 0-100 நேரமும் அதே வரிசையில அப்படித்தான்: 4.8, 5.2, 5.4 வினாடி.

இன்னொண்ணு, அந்தப் பவர் எந்த ஆர்.பி.எம்.ல, அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை தடவை சுத்தும்போது வருதுன்னு பாருங்க. எம்3 தன் 420-ஐ 8,300-லதான் கொடுக்கும். டைப் ஆர்ல டர்போ இருக்கிறதால 420 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைச் சுத்துற விசை) 3,000-க்குள்ளயே முழுசா வந்துடும். வேலைக்குப் போற வழியில எதை உணருவீங்கன்னு யோசிச்சுக்கோங்க.

பழைய ஸ்பேனர் எழுதியது:

தம்பி, நம்பகத்தன்மைக்குப் பத்துக்கு எத்தனை மார்க்னு யாரையும் கேட்காதீங்க. எந்தக் காரும் எங்கயாவது போகத்தான் செய்யும். எது போகும், போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போகுமா, போகும்போது இன்ஜினையும் சேர்த்துக் காவு வாங்குமா, இதைக் கேளுங்க. ஒர்க்‌ஷாப்ல இத்தனை வருஷம் நின்னதுல நான் காரை எடைபோடுறது இப்படித்தான்.

எம்3-யையே எடுத்துக்கோங்க. அதோட எஸ்65 இன்ஜின்ல ரெண்டு த்ராட்டில் ஆக்சுவேட்டர் (காத்து போற வால்வைத் திறந்து மூடுற மோட்டார்) இருக்கு, வயசானா போகும். போனா டேஷ்போர்டுல விளக்கு எரியும், கார் பவரைக் குறைச்சுக்கும், மெதுவா வீடு வந்து சேரலாம். செலவுதான், ஆனா அதோட முடிஞ்சுது. கனெக்டிங் ராடு பேரிங், அதாவது பிஸ்டன் ராடு கிராங்க் ஷாஃப்டைப் பிடிக்கிற இடத்துல இருக்கிற பேரிங், அப்படி இல்லை. அந்த இன்ஜின்ல பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவுல இடைவெளி ரொம்பக் குறைவு, ஊத்துறதோ 10டபிள்யூ-60 கெட்டி ஆயில். ஆயில் சூடாகறதுக்குள்ள முறுக்கினா பேரிங் தேயும். விளக்கு எதுவும் எரியாது. தட்டுற சத்தம் காதுல விழறப்போ கிராங்க் ஷாஃப்டும் கெட்டிருக்கும்.

ஈயப்பூச்சு போட்ட பேரிங் ஷெல் (பேரிங்கோட அரைவட்டத் தகடு) ஒண்ணைக் கழட்டிக் கையில வச்சுப் பார்த்தா புரியும். நல்லா இருந்தா முழுக்க ஒரே மங்கின சாம்பல் நிறம். தேய்ஞ்சுட்டா நடுவுல செம்பு நிறம் எட்டிப் பார்க்கும், நகத்தை ஓட்டினா கோடு தட்டும். அப்படித் தேயுற உலோகம் ஆயில்லதான் கலக்கும், அதனால ஆயிலை லேப்ல கொடுத்துப் பார்த்தா கொஞ்சம் முன்கூட்டியே தெரியவரும். எம்3 வாங்குறவங்க பலரும் முன்னெச்சரிக்கையா பேரிங்கை மாத்திடறாங்க. இன்ஜினை இறக்க வேண்டாம், ஆனா முன்பக்க சப்ஃப்ரேமை (முன் சஸ்பென்ஷனைத் தாங்குற சட்டத்தை) இறக்கி ஆயில் பேனைக் கழட்டணும். அந்த பில் இருக்கிற எம்3-க்கு ஒரு விலை, இல்லாததுக்கு வேற விலை.

கேமன் பத்தி நீங்க படிச்ச பயங்கரக் கதை இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங்காத்தான் இருக்கும்; கேம்ஷாஃப்டை ஓட்டுற நடுத் தண்டோட பேரிங் அது, உடைஞ்சா இன்ஜினையே கெடுத்துடும். கதை நிஜம்தான். ஆனா அது பழைய இன்ஜினோடது. 2009-ல் வந்த புது இன்ஜின்ல அந்த ஷாஃப்டே கிடையாது. முன்னோட பழியைப் பின்னோடது சுமக்குது, அவ்வளவுதான். இங்க நீங்க பயப்பட வேண்டியது பார்ட்ஸ் விலைக்கு. காரைப் பாதி விலைக்கு வாங்கினாலும் பிரேக் டிஸ்க் பாதி விலைக்கு வராது, அது புதுக் காரோட விலைக்கேத்த மாதிரிதான் இருக்கும். இன்ஜின் நடுவுல உட்கார்ந்திருக்கு, எட்டித் தொடறதே பாடு, அதனால கூலியும் ஏறும். எம்3-க்கும் இந்தப் பார்ட்ஸ் கணக்கு பொருந்தும்.

டைப் ஆர் புதுசு, வாரண்டி இருக்கு. ஆனா டிராக்ல ஓட்டினா வாரண்டி நிக்குமான்னு எழுத்துல படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. இழுக்குறதும் திருப்புறதும் முன்சக்கரம்தான், பிரேக்கோட பாரமும் பெரும்பாலும் அங்கதான் விழும், முன் டயர் சீக்கிரம் கரையும். நாலு டயரும் 265/30 ஆர்19, ஒரே அளவு, அதனால முன்னதைப் பின்னால மாத்திப் போட்டு ஆயுளை நீட்டலாம். மத்த ரெண்டுலயும் பின் டயர் அகலம் அதிகம், அந்த வழி இல்லை.

எட்டாயிரம் எழுதியது:

ஸ்பேனர் அண்ணன் சொன்னதை மறுக்கல, ஆனா எம்3-யை ஓரங்கட்டிடாதீங்க. பேரிங் மாத்தின பில்லோட ஒண்ணு வாங்கி ஓட்டிக்கிட்டிருக்கேன். டன்னுக்கு இவ்வளவுன்னு வகுத்துப் பார்க்கிற கணக்குல அந்த இன்ஜின் அடங்காது. 6,000-ல மத்த கார் மூச்சு வாங்கும், இது அங்கதான் விழிக்கும். அங்கிருந்து 8,400 வரைக்கும் ஏறுற சத்தம் டர்போ இன்ஜின்ல வராது. அதுக்கப்புறம் வந்த எம்3 எல்லாம் டர்போ போட்ட ஆறு சிலிண்டர். இப்படி ஒண்ணை இனி யாரும் புதுசா விற்கப்போறதில்லை. ஆயில் சூடாகிற வரை 3,000-ஐத் தாண்டாம ஓட்டுற பொறுமை இருந்தா தாராளமா வாங்குங்க.

வளைவுப்பிரியன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பவர்க் கணக்குத் தெளிவாயிடுச்சு. அண்ணே, நீங்க சொன்னதை வச்சுப் பார்த்தா கேமன் பக்கம் மனசு சாயுது. ஒண்ணு விலைக்கு வந்திருக்கு, கிலோமீட்டர் குறைவு, வெளியே பளபளன்னு இருக்கு. எதை எப்படிப் பார்க்கணும்?

பழைய ஸ்பேனர் எழுதியது:

பளபளப்பை விடுங்க, கிலோமீட்டர் குறைவுன்னும் சந்தோஷப்படாதீங்க. வருஷக்கணக்கா சும்மா நின்ன காருக்கு ரப்பர், சீல், டயர் எல்லாம் காய்ஞ்சிருக்கும்.

ராத்திரி முழுக்க நிறுத்தின இன்ஜினை நீங்க போனப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணணும்னு முன்னாடியே சொல்லிடுங்க. போய் கையை வச்சுப் பாருங்க, சூடா இருந்தா இன்னொரு நாள் வரேன்னு கிளம்பிடுங்க. குளிர்ந்த இன்ஜின் முதல் அரை நிமிஷத்துல காட்டுற சத்தமும் புகையும் அப்புறம் கிடைக்காது.

அடுத்தது ஓவர்ரெவ் ரிப்போர்ட். போர்ஷேயோட இன்ஜின் கம்ப்யூட்டர் எல்லை மீறின ஆர்.பி.எம்.மை ஆறு படியாப் பிரிச்சு, கடைசியா எந்த இன்ஜின் மணிநேரத்துல நடந்ததுன்னும் குறிச்சு வைக்கும். கீழ்ப்படியில எண்ணிக்கை இருந்தா பெரிசா எடுத்துக்காதீங்க, லிமிட்டர் (எல்லையில பெட்ரோலை நிறுத்தி இன்ஜின் வேகத்தைத் தடுக்கிற ஏற்பாடு) வரைக்கும் முறுக்கினதுதான். மேல் படிகளுக்கு லிமிட்டரைத் தாண்டித்தான் போக முடியும். வேகமாப் போறப்போ நாலுக்குப் பதிலா ரெண்டாவது கியர் விழுந்தா சக்கரம் இன்ஜினை இழுத்துச் சுத்தும், பெட்ரோலை நிறுத்தி அதைத் தடுக்க முடியாது. அப்படி நடந்தது சமீபத்துலன்னா வாங்காதீங்க. மொத்த மணிநேரத்தையும் ஓடின கிலோமீட்டரையும் ஒப்பிட்டா மீட்டர்ல கைவச்சிருக்காங்களான்னும் ஓரளவு தெரியும்.

லிஃப்ட்ல ஏத்தி, அந்த வண்டியைத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் பார்க்கட்டும். விற்கிறவர் சொல்ற ஆளா இருக்கக் கூடாது. ரிப்போர்ட் எடுக்கவோ லிஃப்ட்ல ஏத்தவோ விற்கிறவர் தயங்கினா வந்துடுங்க, மேற்கொண்டு பேரம் வேண்டாம். எல்லாம் சுத்தமா இருந்தா உங்க மலைப்பாதைக்கு கேமன்தான் என் ஓட்டு. டிராக்குக்கு அடிக்கடி போற ஆசை இருந்தா டைப் ஆரை எடுங்க, டயரும் பிரேக் பேடும் வாங்குறப்போ கை கடிக்காது.