காது முந்தணும்

குழு: நம்ம வீட்டு ஆளுங்க

நிலா: யாழக்கா இருக்கீங்களா? காலேஜ் டைம் டேபிள் வந்துடுச்சு. வயலின் கிளாஸ் கொஞ்சம்தான். மீதி எல்லாம் மியூசிஷியன்ஷிப்னு போட்டிருக்காங்க. காதுப் பயிற்சி, சைட் சிங்கிங் (தாளைப் பார்த்தே பாடறது), டிக்டேஷன் (கேட்டதை எழுதறது), கீபோர்ட் ஹார்மனி (கீபோர்ட்ல ஸ்வரங்களைச் சேர்த்து வாசிக்கிறது), ரிதம். நான் வயலின் படிக்கத்தானே சேர்ந்தேன்?

செல்வி: எனக்கும் அதான் புரியல யாழ். வயலின் வாசிக்கிற பொண்ணுக்கு எதுக்கு கீபோர்ட், எதுக்குப் பாட்டு?

யாழினி: இருக்கேன் நிலா. சித்தி, வயலின் டீச்சர் நிலாவோட கையைப் பார்த்துப்பாங்க. இந்த வகுப்பு காதுக்கு. வரப்போற ஸ்வரம் வில் படறதுக்கு முன்னாடியே மனசுல கேட்டாகணும். அப்பதான் விரல் கொஞ்சம் தள்ளி விழுந்தா உடனே தெரியும். இல்லன்னா வந்த சத்தத்தை எல்லாம் சரின்னு நம்பிட்டு வாசிச்சுக்கிட்டே போவோம்.

யாழினி: இது பழைய பிரச்சனை. 1892ல ஜெனீவா கன்சர்வேட்டரிக்கு ஹார்மனி சொல்லிக்கொடுக்க வந்தவர் எமில் ஜாக் டால்க்ரோஸ். மாணவர்களுக்கு விரல் நல்லா ஓடுது, ஆனா எழுதி வச்ச கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கிற சில ஸ்வரங்கள், எப்படி ஒலிக்கும்னு மனசுல கேக்கலைன்னு கவனிச்சார். அப்புறம்தான் நடந்து, கை தட்டி, உடம்பாலயே தாளத்தை உணர்ற பயிற்சியை உருவாக்கினார். இன்னைக்கும் பல இசைக் கல்லூரியில அது இருக்கு.

ராஜன்: யாழினி, நிலாவுக்கு பர்ஃபெக்ட் பிட்ச் கிடையாதே. ஹார்ன் சத்தம் கேட்டா "இது ஏ ஃப்ளாட்"னு சொல்ற ஆளுங்க இருக்காங்கல்ல, அவங்களோட போட்டி போட முடியுமா?

யாழினி: வேண்டியதே இல்ல மாமா. வகுப்புல வளர்க்கிறது ஒரு ஸ்வரத்துக்கும் இன்னொண்ணுக்கும் உள்ள உறவைக் கேக்கிற காது. அது கிட்டத்தட்ட எல்லாருக்கும் வரும், பெரியவங்களுக்கும் வரும். பர்ஃபெக்ட் பிட்ச் இருக்கிறவங்களுக்கும் கஷ்டம் உண்டு. இப்போ ஏ-ன்னா 440 ஹெர்ட்ஸ். பரோக் இசை, அதாவது பாக் காலத்து ஐரோப்பிய இசை, வாசிக்கிற குழுக்கள் பல பேர் 415ல சுருதி வைப்பாங்க, கிட்டத்தட்ட அரை ஸ்வரம் கீழ. தாள்ல இருக்கிறது ஒண்ணு, காதுல விழறது ஒண்ணுன்னு அவங்க தவிச்சுப் போவாங்க.

நிலா: சரி அக்கா, பாட்டு? எல்லார் முன்னாடியும் தனியா பாடணுமாம். என் குரல் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும்.

யாழினி: இனிமைக்கு மார்க் கிடையாதுடா. ஸ்வரம் சரியா, தாளம் சரியா, நிக்காம போறியா, அவ்வளவுதான். வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி கீ என்ன, அதாவது ஸ எங்க இருக்குன்னு பாரு. ஸ க ப ஸ-ன்னு மெதுவா பாடி காதுல உக்கார வை. எங்க தாவல் இருக்குன்னு தேடு. ஒரு ஸ்வரம் தப்பினா திரும்பிப் போகாதே, அடுத்த பார்ல, அதாவது அடுத்த தாளக் கட்டத்துல, ஏறிக்கோ. தாளம் விட்டா எல்லாம் போச்சு.

செல்வி: ஸ ரி க ம போட்டுப் பாடலாமா? அங்க டோ ரே மி தானே?

யாழினி: ரெண்டும் ஒண்ணுதான் சித்தி, ஸ எங்க வச்சாலும் ஸ தானே. அவங்க அதை மூவபிள் டோ-ன்னு சொல்வாங்க. ஃப்ரான்ஸ், இத்தாலி மாதிரி நாடுகள்ல வேற வழக்கம், டோன்னா எப்பவும் சி தான். ஆரம்பம் 11ஆம் நூற்றாண்டுல கீடோ ஆஃப் அரெட்ஸோன்னு ஒரு துறவி. ஒரு லத்தீன் துதியில முதல் ஆறு வரியும் ஒண்ணுக்கொண்ணு ஒரு ஸ்வரம் மேல தொடங்கும். அந்த வரிகளோட முதல் அசையை எடுத்துதான் உத் ரே மி ஃபா சோல் லா வச்சார், உத் பின்னாடி டோ ஆச்சு. கேட்டிராத பாட்டையும் தாளைப் பார்த்துப் பாடணும்னுதான் இவ்வளவும்.

நிலா: போன்ல இன்டர்வெல் பயிற்சி ஆப் ஒண்ணு போட்டிருக்கேன். ரெண்டு ஸ்வரம் வாசிக்கும், எவ்வளவு தூரம்னு சொல்லணும். அது போதுமா?

யாழினி: போதாதுன்னுதான் சொல்வேன். ஸ-லேர்ந்து ம பாடு. அப்புறம் ப-லேர்ந்து மேல் ஸ பாடு. ரெண்டும் ஒரே தூரம், அஞ்சு அரை ஸ்வரம். ஆனா ஒண்ணு வீட்டை விட்டுக் கிளம்புது, இன்னொண்ணு வீடு வந்து சேருது. பாட்டுக்குள்ள காது பிடிக்கிறது அந்த உணர்வைத்தான். தூரத்தை மட்டும் மனப்பாடம் பண்ணினவங்க ஆப்ல நூத்துக்கு நூறு வாங்குவாங்க, டிக்டேஷன்ல திணறுவாங்க.

நிலா: டிக்டேஷன்தான் எனக்குப் பயம். மாதிரிக்கு ஒரு கிளிப் அனுப்பியிருக்காங்க. இதோ.

🎵 ஆடியோ 0:09

நிலா: ஏதோ ஏறி இறங்குது. பேனா எடுத்து எழுதறதுக்குள்ள முடிஞ்சுடுது.

யாழினி: பேனாவைக் கீழ வை. முதல் தடவை எழுதவே கூடாது. எத்தனை எண்ணிக்கைன்னு மட்டும் சொல்லு.

நிலா: மூணு மூணா போகுது. நாலு பார்.

யாழினி: முடியும்போது வீட்டுக்கு வந்துடுச்சா?

நிலா: இல்ல, அந்தரத்துல நிக்குது. இன்னும் பாக்கி இருக்குற மாதிரி.

யாழினி: அப்போ கடைசி ஸ்வரம் ஸ இல்ல. ஸ-வை மனசுல வச்சுக்கிட்டு, ஒவ்வொரு பாரோட முதல் அடியில என்ன விழுதுன்னு மட்டும் கேளு. நடுவுல எது ஓடினாலும் விட்டுடு.

நிலா: ஸ... த... ம... கடைசி ரி. ரி-யேதான்!

யாழினி: எலும்புக்கூடு கிடைச்சாச்சு. இப்ப நடுவை நிரப்பு.

நிலா: ஸ க ப | த – ப | ம க ரி | ரி – –

யாழினி: முதல் ரெண்டு பார் அப்படியே சரி. நீ எழுதினதை நீயே பாடு. பாடிட்டு உடனே கிளிப்பைப் போடு. மூணாவது பார்லேர்ந்து நாலாவதுக்குப் போறப்போ ரி ரெண்டாவது தடவையா வருதா, புதுசா வருதா?

நிலா: புதுசா வருது. ஒரு சின்னத் தாவல் இருக்கு. ம க ம | ரி!

யாழினி: அதேதான் 👏 எழுதினதைப் பாடிப் பார்க்காம தாளைக் கொடுக்கவே கூடாது.

ராஜன்: நான் பக்கத்துல உக்காந்து கேட்டேன், எனக்கும் அந்த ரி தொங்குறது புரிஞ்சுது. ஏன் அப்படித் தோணுது?

யாழினி: அந்த இடத்துல மெட்டுக்குக் கீழ ஐந்தாம் கார்ட், அதாவது ப-வை அடியா வச்சுக் கட்டினது, இருக்கு மாமா. ப நி ரி. அந்த நி-க்கு அரை ஸ்வரம் மேலதான் ஸ இருக்கு, அதுல போய்ச் சேரத் துடிக்கும். நிலா, கார்ட் கண்டுபிடிக்கும்போது மேல இருக்கிற மெட்டை விட்டுட்டு பேஸை, அதாவது அடியில ஓடுற கீழ் ஸ்வரத்தை, பாடு. பேஸ் தெரிஞ்சா பாதி முடிஞ்சது.

செல்வி: யாழ், நான் பாட்டு கத்துக்கிட்டப்போ தம்புரா போட்டா கச்சேரி முடியற வரைக்கும் ஸ நகராது. இங்க நடுவுல கீ மாறும்னு நிலா சொல்றாளே, அதை எப்படிப் பிடிக்கிறது?

யாழினி: நல்ல கேள்வி சித்தி. நிறைய பேர் தடுமாறுறது இங்கதான். உங்களுக்கு கிரக பேதம் தெரியுமே. மோகனத்துல ரி-யை ஸ-ன்னு வச்சா மத்யமாவதி, க-வை வச்சா ஹிந்தோளம், ப-வை வச்சா சுத்த சாவேரி, த-வை வச்சா சுத்த தன்யாசி. ஸ்வரம் ஒண்ணும் மாறல, நின்ன இடம்தான் மாறுது.

யாழினி: மாடுலேஷன்லயும், அதாவது நடுவுல கீ மாறும்போதும், நிக்கிற இடம் மாறும், கூடவே ஒரு ஸ்வரமும் மாறும். சி மேஜர்லேர்ந்து ஜி மேஜருக்குப் போகும்போது சுத்த மத்யமம் இருந்த இடத்துல அதுக்கு அரை ஸ்வரம் மேல இருக்கிற பிரதி மத்யமம் எட்டிப் பார்க்கும். அதான் புது வீட்டோட காகலி நிஷாதம், புது ஸ-வுக்கு அரை ஸ்வரம் கீழ இருக்கிற நி. அதைக் கேட்ட உடனே பழைய ப-வை ஸ-ன்னு கூப்பிட ஆரம்பிக்கணும்.

செல்வி: அடடா, அப்படிச் சொல்லு. சங்கராபரணத்துல பாடிக்கிட்டே இருக்கும்போது பிரதி மத்யமம் வந்தா எனக்குத் தெரியாம போகுமா! நிலா, உனக்கு நான் பாடிக் காட்டறேன்.

யாழினி: கட்டாயம் காட்டுங்க சித்தி. நிலாவுக்கு வீட்லயே கிடைக்கிற பெரிய பலம் நீங்கதான். அவ எழுதற ஒவ்வொண்ணையும் உங்ககிட்ட ஸ்வரம் போட்டுப் பாடட்டும்.

அருண்: எனக்கு எதுவும் இல்லையா? ரிதம் நான் சொல்லித் தரவா?

யாழினி: வா அருண். ஆறு வரைக்கும் எண்ணு. வலது கை 1, 3, 5ல தட்டணும். இடது கை 1, 4ல. மேஜை மேல.

அருண்: 🎤 0:21

யாழினி: நாலாவதுல வலது கையும் சேர்ந்து விழுது. மெதுவா. மூணுக்கு எதிரா ரெண்டு இதான். பியானோ வாசிக்கிறவங்களுக்கு இது சோறு மாதிரி, தினமும் வரும்.

அருண்: 🎤 0:17

யாழினி: வந்துடுச்சு! நிலா, ஏழு எட்டுல (7/8, ஒரு பார்ல ஏழு அடி) எழுதியிருந்தா பயப்படாதே. குறிப்புல எப்படிச் சேர்த்துக் கட்டியிருக்காங்கன்னு பாரு. மூணும் நாலும்னா தகிட தகதிமி. ரெண்டு ரெண்டு மூணுன்னா தக தக தகிட. வாயில சொல்லிக்கிட்டே வாசி, எண்ணிக்கை குழம்பாது.

நிலா: கீபோர்ட் மட்டும் விட்டுட்டீங்க. எனக்கு அது சுத்தமா வராது.

யாழினி: வேகம் யாரும் கேக்க மாட்டாங்க. ஒண்ணு, நாலு, அஞ்சு, ஒண்ணு, இந்த நாலு கார்டை பன்னிரண்டு கீலயும் தடங்கல் இல்லாம போடணும். வலது கையில சி ஈ ஜி. நாலுக்குப் போகும்போது சி அங்கயே இருக்கட்டும், ஈ எஃப்-க்கும் ஜி ஏ-க்கும் ஏறும். அஞ்சுக்கு பி டி ஜி. திரும்ப சி ஈ ஜி. இடது கையில சி, எஃப், ஜி, சி. கை கிட்டத்தட்ட நகரவே வேண்டாம், பக்கத்துல இருக்கிற கட்டைக்குப் போனா போதும்.

யாழினி: பாட்டுக்காரர் வந்து "ஒரு ஸ்வரம் கீழ வாசிங்க"ன்னு கேப்பார். அப்போ கை கொடுக்கிறது இதுதான். சி, எஃப், ஜின்னு பேரை மனப்பாடம் பண்ணினா மாட்டிப்போம். ஒண்ணு நாலு அஞ்சுன்னு கேட்டுப் பழகினா எந்த கீலயும் உக்கார்ந்துடலாம்.

செல்வி: தினமும் எவ்வளவு நேரம் பண்ணணும்?

யாழினி: கொஞ்ச நேரம் போதும் சித்தி, ஆனா தினமும். வாரக் கடைசியில மொத்தமா உக்காந்தா காதுல நிக்காது. வயலின் எடுக்கிறதுக்கு முன்னாடி, வாசிக்கப் போற பகுதியை ஒரு தடவை பாடிட்டு எடுக்கச் சொல்லுங்க.

நிலா: சரி அக்கா. இப்பவே ஆரம்பிக்கிறேன். எந்த கீ?

யாழினி: டி மேஜர். வயலின்ல உனக்குப் பழகின கீ, காது சீக்கிரம் ஒத்துக்கும். கார்ட் போடும்போதே பேஸ் வரியை வாய் விட்டுப் பாடு. பதிவு பண்ணி இங்கயே போடு, கேட்டுச் சொல்றேன்.